ஒடுக்கத்துப் புதன்: நாம் மறந்துபோன இரண்டு புதன்கிழமைகள்

ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமைக்கு நமது மூத்தவர்கள் வைத்த பெயர் ஒடுக்கத்துப் புதன். ஒடுக்கம் என்றால் முடிவு, இறுதி. மாதம் ஒடுங்குகிற நேரத்தில் வருகிற புதன் என்பதால் இந்தப் பெயர். தமிழகத்தின் சில ஊர்களில் இதையே ‘ஸபர் கழிவு’ என்றும் சொல்வார்கள். இது பெருநாள் அல்ல. இதற்கெனத் தொழுகையும் இல்லை, பித்ராவும் இல்லை, குர்பானும் இல்லை. ஆனாலும் இரண்டு பெருநாட்களுக்கும் ரபீஉல் அவ்வல் மௌலிதுக்கும் அடுத்தபடியாக நமது பெண்களும் பிள்ளைகளும் நாள் எண்ணிக் காத்திருந்த ஒரு நாள் உண்டென்றால் அது இதுதான்.

கரையோர ஊர்களில் இருந்தவர்கள் அன்று கடற்கரைக்குப் போனார்கள். எங்கள் ஸ்பிரிங்வெளியில் கடல் ஏது? நமுனுகுலை மலையின் சாரலில் தேயிலைக்கு நடுவே இருப்பவர்களுக்கு ஓடைதான் கடற்கரை. பதுளைப் பக்கம் இருந்தவர்களுக்குப் பதுளை ஓயா. எங்கள் உம்மும்மா சொல்லும் விவரம் இது: சுபஹுக்குப் பிறகு லெப்பை மாவிலையில் குங்குமப்பூக் கரைசலால் எழுதித் தருவார். மாவிலை கிடைக்காத வீட்டில் பீங்கானில் எழுதுவார்கள். அதைத் தண்ணீரில் கழுவி வீட்டில் எல்லோரும் ஒவ்வொரு மிடறு குடிப்பார்கள். பிறகு குளியல். குளித்து முடித்து, கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போவார்கள். “அண்டைக்கி ஒரு நாள்தான் மகன் நாங்க பொம்புளயள் எல்லாம் சேந்து வெளிய போறது” என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அதே வாயால், “அது பலாய் எறங்குற நாள். பயணம் தொடங்கப் படாது, நிக்காஹ் வைக்கப் படாது” என்றும் சொல்வார்.

பயமும் சந்தோஷமும் ஒரே நாளில் எப்படி வந்து சேர்ந்தன? ஆபத்து இறங்குகிற நாள் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அல்லவா இருக்க வேண்டும்? ஏன் குளித்து, உடுத்து, சோறு கட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும்? இந்த முரண்பாடுதான் என்னை இந்த நாளின் வரலாற்றைத் தேட வைத்தது.

பத்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை ஒடுக்கத்துப் புதன் என்றால் என்னவென்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் அந்தச் சொல்லையே கேள்விப்பட்டதில்லை. ஒரு பிள்ளை “பலாய் நாள் சேர்” என்றது. இன்னொரு பிள்ளை “அது பித்அத் சேர்” என்றது. வளர்ந்தவர்களிடம் கேட்டாலும் இந்த இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. இந்த நாள் எங்கிருந்து வந்தது என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அயர்லாந்தின் மார்ச் 17

ஒரு நாள் நிலைத்திருக்க, அதன் காரணம் மறைந்துபோவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அயர்லாந்து மக்களின் மார்ச் 17 உலகம் அறிந்த ஒரு கொண்டாட்டம். பச்சை உடை, ஊர்வலம், மதுக்கடைகளில் கூட்டம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1962 முதல் ஆற்றுக்கே பச்சைச் சாயம் கரைக்கிறார்கள். அது பற்றிக் என்ற கிறிஸ்தவப் போதகரின் நினைவு நாள் என்பது பெயரளவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பற்றிக் யார்? பிரித்தானியாவில் பிறந்து, ஏறத்தாழ 16 வயதில் கடற்கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்தவர். தப்பி ஊர் சேர்ந்த பிறகு, தன்னை அடிமையாக்கிய அதே மக்களிடம் மார்க்கப் பணிக்காகத் திரும்பிப் போனவர். அவரே எழுதிய இரண்டு எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்று, தான் ஞானஸ்நானம் கொடுத்த மக்களைப் பிடித்து அடிமைகளாக்கிய ஒரு படைத்தலைவனைக் கண்டித்து எழுதிய கடிதம்.

அந்த நாள் அயர்லாந்தில் 1903இல் பொது விடுமுறையாகச் சட்டமாயிற்று. 1920களிலிருந்து 1960 வரை அன்று அங்கே மதுக்கடைகளைத் திறக்கச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. இன்று அந்த நாளையும் மதுவையும் பிரித்துப் பார்க்க முடியாத நிலை. அடிமையாக இருந்த ஒரு மனிதர் அடிமைத்தனத்தைக் கண்டித்து எழுதினார் என்ற செய்தி, பச்சைத் தொப்பிகளுக்கு நடுவில் காணாமல் போய்விட்டது.

அவர்களது நாள் அவர்களுடையது. அதை எடைபோடுவது நமது வேலை அல்ல. ஆனால் அங்கே நடந்தது நமக்கு ஒரு கண்ணாடி. ஒரு நாளின் உட்பொருள் போன பிறகும் அதன் சடங்கு நிற்கும். நின்ற சடங்குக்கு மக்கள் புதுப் புதுக் காரணங்களைச் சொல்லத் தொடங்குவார்கள். ஒடுக்கத்துப் புதனிலும் அதுதான் நடந்தது.

முதலாவது புதன்: நோய் தொடங்கிய நாள்

ஒடுக்கத்துப் புதனுக்கு நமது மக்களிடம் வழங்கிவந்த காரணம் இது: நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தார்கள், ஸபர் கடைசிப் புதனன்று நோய் குறைந்து குளித்தார்கள், வெளியே வந்தார்கள், ஸஹாபாக்கள் மகிழ்ந்தார்கள், அந்த மகிழ்ச்சியின் ஞாபகம்தான் நமது குளியலும் வெளியே போவதும். இதை நமது வரலாற்று நூல்களோடு வைத்துப் பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோய் ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு ஸபர் மாதத்தின் கடைசி இரவுகளில் அல்லது ரபீஉல் அவ்வலின் தொடக்கத்தில் ஆரம்பித்தது என்று இப்னு இஸ்ஹாக் கூறுகிறார். அவர் தரும் செய்தியில், நபியவர்கள் ஓர் இரவு தமது பணியாளர் அபூ முவைஹிபாவை அழைத்துக்கொண்டு பகீஉ மையவாடிக்குப் போகிறார்கள். அங்கே அடங்கியிருப்பவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடுகிறார்கள். வீடு திரும்பும்போது ஆயிஷா (ரழி) அவர்கள் தலைவலியால் முனகிக்கொண்டிருக்கிறார்கள். தமக்கும் தலைவலிதான் என்கிறார்கள் நபியவர்கள். அந்தத் தலைவலிதான் வபாத்தில் முடிந்த நோய்.

இப்னு ஸஅத் தமது தபகாத்தில் பதிவு செய்த அறிவிப்பு இன்னும் துல்லியமானது. நோய் தொடங்கியது புதன்கிழமை, ஸபர் முடிய ஓர் இரவே இருந்தபோது என்கிறது அது. நாட்களை எண்ணிப் பார்த்தால் கணக்குப் பொருந்துகிறது. ஸபர் 29 புதன் என்றும், மாதம் 29 நாளோடு முடிந்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ரபீஉல் அவ்வல் 1 வியாழன். 5 திங்கள். 12 திங்கள். வபாத் ஒரு திங்கட்கிழமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 12ஆம் நாள் என்பது பரவலான கூற்று. தேதியில் வேறு கூற்றுகளும் உண்டு. எனினும் ‘ஸபர் கடைசிப் புதன்’ என்ற சொற்றொடர் வெறுங்கற்பனை அல்ல, பழைய சீறா அறிவிப்பு ஒன்றில் கால் ஊன்றியிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஆனால் அந்தப் புதன் நோய் குணமான நாள் அல்ல. நோய் தொடங்கிய நாள். மகிழ்ச்சிக்கு அங்கே இடமே இல்லை. அப்படியானால் குளியல் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது புதன்: ஏழு தோல்பைத் தண்ணீர்

குளியலும் கற்பனை அல்ல. அது ஸஹீஹுல் புகாரியில் ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பாகவே இருக்கிறது. நோய் கடுமையானதும் நபியவர்கள் மற்ற மனைவியரிடம் அனுமதி பெற்று ஆயிஷாவின் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு பேர் தாங்கிவர, கால்கள் தரையில் கோடு கிழித்தன. காய்ச்சல் ஏறியபோது, வாய்க்கட்டு அவிழ்க்கப்படாத ஏழு தோல்பைத் தண்ணீரைத் தம்மீது ஊற்றும்படி கேட்கிறார்கள். ஹப்ஸா (ரழி) அவர்களுக்குச் சொந்தமான ஒரு பெரிய தொட்டியில் அவர்களை உட்காரவைத்து, போதும் என்று கைகாட்டும் வரை ஊற்றுகிறார்கள். பிறகு மக்களிடம் வெளியே வந்து தொழவைத்துப் பேசுகிறார்கள்.

இப்படி ஊற்றச் சொன்னதற்கான காரணத்தையும் அந்த ஹதீஸிலேயே நபியவர்கள் சொல்கிறார்கள்: மக்களிடம் போய்த் தமது இறுதி உபதேசத்தைச் சொல்வதற்காக. அதாவது அது நோய் தீர்ந்தவர் குளித்த குளியல் அல்ல. எழுந்து நிற்கச் சக்தியில்லாத ஒருவர், தம் மக்களிடம் கடைசியாக ஒருமுறை பேசிவிட வேண்டும் என்பதற்காக உடம்பைத் தயார்படுத்திக்கொண்ட குளியல். விடைபெறப் போகிறவரின் குளியல்.

அந்தப் பேச்சில் என்ன இருந்தது? இப்னு இஸ்ஹாக்கின் கூற்றுப்படி, தலையில் துணியைக் கட்டியபடி மிம்பரில் அமர்ந்து முதலில் உஹது ஷுஹதாக்களுக்காகப் பிரார்த்தித்தார்கள். பிறகு, உலகத்தையும் தன்னிடம் உள்ளதையும் முன்வைத்து ஓர் அடியாரை அல்லாஹ் தெரிவு செய்யச் சொன்னான், அந்த அடியார் அல்லாஹ்விடம் உள்ளதையே தெரிவு செய்தார் என்றார்கள். யாரைப் பற்றிய பேச்சு அது என்று சபையில் இருந்தவர்களுள் அபூபக்ர் (ரழி) அவர்களுக்கு மட்டுமே புரிந்தது, அழுதார்கள். அன்ஸாரிகளிடம் நல்ல முறையில் நடந்துகொள்ளும்படி வலியுறுத்தியதும் இந்த இறுதி நாட்களில்தான். நபிமார்களின் கப்றுகளை வணக்கத்தலங்களாக்கிக்கொண்ட முன்னோரைப் போல ஆகிவிட வேண்டாம் என்று எச்சரித்தது வபாத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன் என ஜுன்துப் (ரழி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

ஐந்து நாட்களுக்கு முன் என்றால் என்ன கிழமை? திங்களிலிருந்து பின்னோக்கி ஐந்து நாள் எண்ணினால் புதன். இந்தக் குளியலையும் உரையையும் புதன்கிழமையில் வைக்கும் சீறா ஆசிரியர்களில் ‘அர்ரஹீகுல் மக்தூம்’ எழுதிய ஸபியுர் ரஹ்மான் முபாரக்பூரி ஒருவர். வியாழன் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். புதன் என்றே கொண்டால், மேலே சொன்ன கணக்கில் அது ரபீஉல் அவ்வல் 7. ஸபர் அல்ல.

ஆக இரண்டு புதன்கிழமைகள். ஒன்று ஸபரின் கடைசியில், நோய் தொடங்கிய புதன். மற்றது அதற்கு ஒரு வாரம் கழித்து, ரபீஉல் அவ்வலில், ஏழு தோல்பைத் தண்ணீர் ஊற்றப்பட்ட புதன். மக்கள் ஞாபகம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது என்பதே எனது கணிப்பு. முதலாவது புதனின் தேதியை எடுத்து, இரண்டாவது புதனின் குளியலை அதில் வைத்து, விடைபெறலை நோய் குணமானதாக மாற்றிக்கொண்டது. அன்பு காரணமாகவே அப்படி மாறியிருக்க வேண்டும். நேசத்துக்குரியவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்தார் என்று கேட்டால், அவர் குணமாகிவிட்டார் என்று நினைக்கத்தானே மனம் ஆசைப்படும்?

மாவிலையில் எழுதும் வழக்கமும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. எழுதுவது ஏழு ஸலாம்கள். ‘ஸலாம்’ என்று தொடங்கும் ஏழு குர்ஆன் இடங்கள்: யாஸீன் 58, ஸாப்பாத் 79, 109, 120, 130, ஸுமர் 73இல் வரும் ஸலாம், கத்ர் 5. ஏழு தோல்பைத் தண்ணீர், ஏழு ஸலாம் கரைத்த தண்ணீர். இந்த ஏழும் அந்த ஏழும் தொடர்புள்ளவை என்று எழுதி வைத்தவர் யாரையும் நான் கண்டதில்லை. ஆனால் குளியலும் தண்ணீரும் ஏழும் ஒரே நாளில் ஒன்றுகூடி நிற்பது தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

இது தமிழர்களின் ஆடிப்பெருக்கைப் பார்த்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆற்றங்கரை, கட்டுச்சோறு என்ற வெளித்தோற்றத்தில் ஒற்றுமை இருக்கலாம். ஆனால் ஆடிப்பெருக்கு ஆற்றில் வெள்ளம் வரும் பருவத்தோடு கட்டுண்டது. ஹிஜ்ரி ஆண்டு ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவந்துவிடும். ஊவாவில் ஒரு காலத்தில் ஒடுக்கத்துப் புதன் ஆவணி வெயிலில் வரும். இன்னொரு காலத்தில் மார்கழி அடைமழையில் வரும். ஓடை வற்றிக் கிடந்தாலும் பெருகி ஓடினாலும் அன்று தண்ணீருக்குப் போனார்கள் என்றால், அந்தத் தண்ணீர் பருவத்திலிருந்து வரவில்லை. ஒரு கதையிலிருந்து வந்தது.

பயம் எங்கிருந்து வந்தது?

இனி அந்தப் பலாய் விடயத்துக்கு வருவோம். ஸபர் மாதத்தைக் கெட்ட சகுனமாகப் பார்ப்பது இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபிகளிடம் இருந்த வழக்கம். நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்தார்கள். பறவைச் சகுனம், ஆந்தைச் சகுனம் இவற்றோடு ஸபர் பற்றிய நம்பிக்கையையும் சேர்த்து, இவை எதுவும் இல்லை என்று சொன்ன ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அபூஹுரைரா (ரழி) அவர்களின் அறிவிப்பாக உள்ளது. அதிலுள்ள ஸபர் என்ற சொல் வயிற்றில் வரும் ஒரு நோயைக் குறிக்கும் என்று விளக்கியவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மாதத்துக்குத் துரதிர்ஷ்டம் இல்லை. ஹிஜ்ரத்துக்காக நபியவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டது ஸபரின் இறுதி நாட்களில் என்று சீறா ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இந்த உம்மத்தின் மிகப் பெரிய பயணம் தொடங்கிய மாதத்தில் பயணம் தொடங்கக்கூடாது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

மாதத்தின் கடைசிப் புதன் நிலையான துரதிர்ஷ்ட நாள் என்று ஹதீஸ் என்ற பெயரில் ஒரு கூற்று உலவியது. இப்னுல் ஜவ்ஸி அதைப் புனைந்துரைக்கப்பட்ட ஹதீஸ்களின் தொகுப்பில் சேர்த்துவிட்டார். பிற்காலத்தில் பரவிய சில ஓதல் நூல்கள் இதை இன்னும் வளர்த்து, ஸபர் கடைசிப் புதனில் 3 இலட்சத்து 20 ஆயிரம் பலாய்கள் இறங்குவதாகக் கணக்கும் கொடுத்தன. நமது உம்மும்மாமார் பயந்தது இந்தக் கணக்குக்குத்தான்.

புதன்கிழமையைப் பற்றி நமது மரபில் இருப்பதோ வேறு. அஹ்ஸாப் போரின்போது நபியவர்கள் திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாட்கள் பிரார்த்தித்து, புதனன்று ழுஹருக்கும் அஸருக்கும் இடையில் பிரார்த்தனை ஏற்கப்பட்டதாக ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் உண்டு. ஹனபி மத்ஹபின் பெருநூலான ‘ஹிதாயா’வின் ஆசிரியர் புர்ஹானுத்தீன் மர்கீனானி புதிய பாடங்களைப் புதன்கிழமையில் தொடங்குவதை வழக்கமாக வைத்திருந்தார் என்று அவருடைய மாணவர் ஸர்னூஜி, கல்வி கற்கும் முறை பற்றிய தமது நூலில் எழுதுகிறார். ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தமானது. தமிழும் இதற்கு மாறாக நிற்கவில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது நமது பழமொழி. தமிழில் நல்ல நாள், மார்க்கத்தில் நல்ல நாள். இரண்டும் சேர்ந்த மக்களிடம் அது கெட்ட நாளாகிப் போனது வேடிக்கைதான்.

கடல் கடந்த புதன்

இந்த நாள் தமிழ் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. உருது பேசுவோர் இதை ‘ஆகிரீ சஹார் ஷம்பா’, அதாவது கடைசிப் புதன் என்கிறார்கள். பங்களாதேஷில் இந்தப் பெயரில் கல்வி நிலையங்களுக்கு விடுமுறை கொடுக்கும் வழக்கம் உண்டு. ஜாவாவில் இதன் பெயர் ‘ரெபோ வெகாஸான்’. மலாய் மக்களிடம் ‘மண்டி ஸபர்’, ஸபர்க் குளியல். மலாக்காவின் தஞ்சோங் கிளிங் கடற்கரை ஒரு காலத்தில் இதற்குப் பேர்போன இடம். அங்கேயும் குளியல் திருவிழாவாகி, திருவிழா உல்லாசமாகி, கடைசியில் மார்க்க அதிகாரிகளின் எதிர்ப்பால் ஓய்ந்தது. நமது நாட்டு மலாய்ச் சகோதரர்களின் மூதாதையர் வந்த பூமியிலும் இதே கதைதான்.

தென்னிந்தியாவில் இந்த நாள் எப்படி இருந்தது என்பதற்கு நல்லதொரு சாட்சி ‘கானூனே இஸ்லாம்’. எல்லூரைச் சேர்ந்த ஜஃபர் ஷரீப் தக்கினி மொழியில் எழுதியதைச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ஹெர்க்லொட்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து 1832இல் லண்டனில் வெளியிட்டார். நபியவர்களுக்கு அன்று நோய் சற்றுக் குறைந்து குளித்தார்கள் என்ற காரணம், ஏழு ஸலாம்களை மாவிலையிலோ வாழையிலையிலோ எழுதிக் கழுவிக் குடிப்பது, குளியல், புத்தாடை, தோட்டங்களில் உலாவுவது எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் உம்மும்மா ஸ்பிரிங்வெளியில் செய்ததும் கிட்டத்தட்ட ஒரு வரி மாறாமல் அதுவே.

அது மலைக்கு வந்த வழி ஊகிக்கக் கடினமானதல்ல. கண்டி இராச்சிய காலத்திலேயே உப்பும் பாக்கும் சுமந்த தவளக்காரர்களாக முஸ்லிம்கள் ஊவாவின் பாதைகளில் நடந்தார்கள். கோப்பியும் தேயிலையும் வந்த காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். 1924இல் ரயில் பதுளையை வந்தடைந்தது. கடைகளோடு லெப்பைமாரும், லெப்பைமாரோடு கிதாபுகளும், கிதாபுகளோடு வழக்கங்களும் மலையேறின.

சீறாவில் இல்லாத படலம்

தமிழ் கற்றவன் என்ற வகையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழ் முஸ்லிம்களின் நெஞ்சில் பதித்த நூல் உமறுப் புலவரின் சீறாப்புராணம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். ஆனால் அது உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. மக்கா வெற்றி அதில் இல்லை. இறுதி ஹஜ் இல்லை. இறுதி நோயும் இல்லை. அந்தக் குறையை நிறைவு செய்யப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ பாடினார். எனினும் சின்னச் சீறாவுக்குச் சீறாப்புராணத்தின் வீச்சுக் கிடைக்கவில்லை என்பதை நாம் அறிவோம்.

இதன் விளைவு என்னவாக இருக்கும்? சீறா ஓதிய சபைகளில் உடும்பு பேசியதும் நபியவர்கள் மானுக்குப் பிணை நின்றதும் மக்களுக்குத் தெரியும். ஏழு தோல்பைத் தண்ணீர் தெரியாது. நபியவர்களின் இறுதிப் பதின்மூன்று நாட்களைப் பற்றிய தமிழ் ஞாபகத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் ஒடுக்கத்துப் புதன் வந்து உட்கார்ந்தது. படிக்கக் கிடைக்காத வரலாற்றை மக்கள் மாவிலையிலும் ஓடைத் தண்ணீரிலும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் சொல் இல்லாமல் சடங்கு மட்டும் அதிக காலம் வரலாற்றைச் சுமக்காது. ஓரிரு தலைமுறைக்குள் அதில் பயம் ஏறிக்கொண்டது.

இனி என்ன?

மார்க்கத் தீர்ப்பில் குழப்பம் இல்லை. இந்த நாளுக்கு ஷரீஅத்தில் சிறப்பு வணக்கம் எதுவும் இல்லை என்று தேவ்பந்தைச் சேர்ந்த ரஷீத் அஹ்மத் கங்கோஹி சொன்னார். எத்தனையோ விடயங்களில் அவருக்கு நேர் எதிரில் நின்ற பரேலியின் அஹ்மத் ரிழா கானும் இதற்கு அடிப்படை இல்லை, நோய் தொடங்கிய நாள் அது என்றே சொன்னார். இரண்டு முகாம்களும் ஒத்துப்போன அபூர்வமான இடம் இது. ஆகவே பலாய் பயத்தை விட்டது நல்லது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுதவில்லை.

ஆனால் விட்டபோது பயத்தை மட்டும் விட்டோமா? இல்லை. அதோடு இன்னும் இரண்டும் போயின. ஒன்று, வருடத்தில் ஒரு நாள் பெண்கள் அடுப்படியை விட்டு, பிள்ளைகளோடு, அண்டை வீட்டாரோடு வெளியே போய் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட வழக்கம். அதற்கு ஸபரும் தேவையில்லை, புதனும் தேவையில்லை. எந்த நாளிலும் செய்யலாம். ஆனால் நாம் வேறொரு நாளைக் கொடுக்காமலே அந்த நாளை எடுத்துவிட்டோம்.

மற்றது இதைவிடப் பெரியது. ‘பித்அத்’ என்ற ஒரு சொல்லில் பிள்ளையின் கேள்வியை முடித்துவிடும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் மூடிவிடுகிறோம். ஸபர் கடைசிப் புதனில் என்ன நடந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, ஒன்றும் இல்லை என்பது பதில் அல்ல. ஒரு நபி நோயில் விழுந்தார்கள். பதின்மூன்று நாட்கள் வலியோடு இருந்தார்கள். அந்த வலிக்கு நடுவில் ஏழு தோல்பைத் தண்ணீரை ஊற்றச் சொல்லி எழுந்து வந்து, தம்மைப் புகழும்படியோ தமது கப்றை உயர்த்தும்படியோ கேட்காமல், தம்மை வரவேற்று இடம் கொடுத்த அன்ஸாரிகளை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னார்கள். இதுதான் பதில். இதைக் கேட்ட பிள்ளைக்கு மாவிலையும் தேவைப்படாது. பலாய்க் கணக்கும் தேவைப்படாது.

நமது பாடசாலைகளில் இஸ்லாம் பாடத்தில் சீறா இருக்கிறது. அஹதிய்யா வகுப்புகள் இருக்கின்றன. குர்ஆன் மத்ரஸாக்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கின்றன. ஸபரின் கடைசி வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஆயிஷா (ரழி) அவர்களின் அந்த ஹதீஸை முழுமையாக வாசித்துக் காட்டினால் போதும். அதோடு இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு ஊரிலும் ஒடுக்கத்துப் புதனைப் பார்த்த மூதாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த ஓடைக்குப் போனார்கள், என்ன சமைத்தார்கள், யார் எழுதிக் கொடுத்தார்கள், ஏன் என்று சொன்னார்கள் என்பதை மாணவர்களைக் கொண்டு எழுதி வாங்கி வைக்கலாம். அந்த எழுத்து சடங்குக்கு வக்காலத்து ஆகாது. மலையக, ஊவா முஸ்லிம்களைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் குறைவு. இருக்கிற வாய்களிலிருந்தாவது அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.